ஐம்பது கேபிக்குள் ஒரு காளை

ஆன்லைன் கடை புதிதாகப் போட்டிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு எழுதுகிறேன். நாலு பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. படிப்பு எட்டாவதோடு சரி.

அறந்தாங்கியில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாஸ்போர்ட் போட்டோவை அளவாகக் கத்தரிப்பது என் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கத்தரிக்கோல் போய் மவுஸ் வந்தது. கை அதே கைதான். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கடை. ஜெராக்ஸ், அப்ளிகேஷன், போட்டோ. போன வருஷம் கண்ணில் புரை விழுந்தது. கடையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

நம் தொழிலில் பாதி, படத்தைச் சுருக்குவது. ஜனங்கள் போனில் எடுத்து வருவது எட்டு எம்பி. சைட் கேட்பது ஐம்பது கேபி. நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

எப்படிச் சுருக்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன். அது உங்களுக்குத் தெரியாது.

முதலில் ஒரு சின்னத் தப்பு. நர்ஸ் வேலைக்கு ஒரு பெண் அப்ளிகேஷன் போட வந்தாள். போட்டோ கேட்ட இடத்தில் கையெழுத்தை ஏற்றினேன். கையெழுத்து கேட்ட இடத்தில் போட்டோவை ஏற்றினேன். சைட் இரண்டையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மறுநாள் அந்தப் பெண் பிரிண்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, என் மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல என் பேருல்ல இருக்கு?"

"பேரு நல்லாத்தான இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திருத்த நாள் பாக்கி இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அன்றைக்கு ஒன்று தெரிந்தது. சைட் கேபியைப் பார்க்கும். மூஞ்சியைப் பார்க்காது. அதைப் பார்ப்பது நம் வேலை.

தெரிந்தது என்றுதான் நினைத்தேன். பெரிய தப்பு அதற்குப் பிறகுதான்.

ஜல்லிக்கட்டுக் காளைகளை ஆன்லைனில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாட்டுக்காரர்கள் எல்லாரும் கடைக்கு வந்தார்கள். ஆதார், கால்நடை டாக்டர் சர்டிபிகேட், மாட்டோடு சொந்தக்காரர் நிற்கிற ஒரு படம். படம் ஐம்பது கேபிக்குள். வரிசை வாசல்வரை நின்றது.

"அக்கா, மாட்டுக்கு ரெண்டு காதும் தெரியணுமா?"

"தெரியட்டும்."

"எனக்கு?"

"ஒன்னோட காத யாருய்யா கேட்டா?" என்றார் பின்னால் நின்றவர். "நீயா வாடிவாசல்ல எறங்கப் போற?"

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது. நாலரைக்கு வள்ளிக்கண்ணு வந்தாள். நாற்பது வயசு இருக்கும். கிழக்கே ஒரு ஊர். மாட்டை அவளே வளர்க்கிறாள். பெரிய மகன் சவூதியில். சின்னவன் கொட்டகையில். சின்னவன் என்பது காளையின் பேர். செவலைக் காளை.

"டாக்டர் ஊசி போட்டு எழுதிக் குடுக்க இம்புட்டு நேரமாயிருச்சுக்கா. எப்புடியாச்சும் ஏத்தி விட்டுருங்க. நாலு வருசமா வளக்குறேன். இந்த வருசந்தான் அவுக்கப் போறேன்."

போனை வாங்கி, படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். வைக்கோல் போருக்கு முன்னால் அவளும் காளையும். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். காளை அவளைவிட நிதானமாக நிற்கிறது.

வைக்கோல் போர்தான் சனியன். வெறும் சுவர் கேபி தின்னாது. வைக்கோல் ஒவ்வொரு துரும்புக்கும் தின்னும். ஐம்பதுக்குள் அமுக்கினேன். வள்ளிக்கண்ணுவின் முகம் கட்டம் கட்டமாக வந்தது. மாட்டின் முகமும் கட்டம் கட்டமாக வந்தது. எது யார் என்று உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, வைக்கோலை எடுத்துவிடலாம் என்று ஓரம் பிடித்து வெட்டினேன். பின்னால் வெளிர் நீலம் கொடுத்தேன், பாஸ்போர்ட்டுக்குக் கொடுப்பதுபோல. நிமிர்ந்து பார்த்தால் மணி நாலு ஐம்பது. படத்தைப் பார்த்தால் காளைக்கு வலது கொம்பைக் காணோம். கொம்பும் வைக்கோலும் ஒரே நிறம். வைக்கோலோடு அதுவும் போய்விட்டது.

திரும்ப முதலில் இருந்து வெட்ட நேரம் இல்லை. இடது கொம்பை காப்பி எடுத்தேன். திருப்பிப் போட்டேன். வலது பக்கம் வைத்தேன். அளவாக உட்கார்ந்தது.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு தோள் இறங்கியிருந்தால் நிமிர்த்துவோம். சட்டைக் காலர் மடங்கியிருந்தால் நல்ல பக்கத்தைத் திருப்பி ஒட்டுவோம். கை பழகிப்போச்சு.

நாற்பத்தெட்டு கேபி வந்தது. பழைய படத்தின் மேலேயே சேவ் கொடுத்தேன். நாலு ஐம்பத்தேழுக்கு ஏற்றினேன்.

வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். திரையில் படம் தபால்தலை அளவுதான் இருந்தது.

"எம்மாடு என்னமோ அழகாயிட்ட மாதிரி இருக்கேக்கா?"

"படம் சின்னதானா எல்லாமே அழகுதான்."

"போன் நெறஞ்சிருச்சு நெறஞ்சிருச்சுங்குது. இந்தப் படத்த அழிச்சிரலாமா? அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே."

"அழி" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

ஜல்லிக்கட்டு அன்று டாக்டர் மாட்டைப் பார்த்தார். படத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இன்னும் நிறைய மாடு நின்றது. சின்னவனை அவிழ்த்தார்கள். யாரும் தொடவில்லை. மைக்கில் வள்ளிக்கண்ணு பேரைச் சொன்னார்கள். காளை அதைக் கேட்க நிற்கவில்லை. மாடு பிடித்துக் கட்டுகிற இடத்தில் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு, வேலியைத் தாண்டி, கிழக்கே ஓடிவிட்டது.

மறுநாள் காலை வள்ளிக்கண்ணு கடைக்கு வந்தாள். கையில் பரிசாகக் கொடுத்த அண்டா இருந்தது. வீட்டுக்கே போகவில்லை.

"அண்டாவக் குடுத்துட்டாங்கக்கா. மாட்டக் காணோம்."

ஊர்க்காரர்கள் இரவெல்லாம் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"ரோட்டுக்குப் போனான்னா லாரி அடிச்சிரும். இல்லன்னா எவனாச்சும் கயித்தப் போட்டு வண்டில ஏத்திருவான். சீக்கிரம் புடிக்கணும்க்கா. ரெண்டுல ஒண்ணு நடந்துரும்."

"போட்டோ போட்டுத் தேடுவோம். வேற படம் இருக்கா?"

"தெனமும் மாட்டையே பாக்குறேன். படம் எதுக்கு?"

யாரோ எடுத்த வீடியோவில் புழுதி மட்டும் இருந்தது. என்னிடம் இருந்த நாற்பத்தெட்டு கேபி படம்தான் கதி. அவளை வெட்டிவிட்டு, காளையை மட்டும் வைத்து, 'காணவில்லை' என்று எழுதி, கடை நம்பரைப் போட்டு அனுப்பினேன். மாட்டுக்காரர்கள் குரூப், ஊர் குரூப், அவள் மகனுடைய சவூதி குரூப். மத்தியானத்துக்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது.

போன் வர ஆரம்பித்தது.

"செவல மாடுதானக்கா? இங்கிட்டு கோயிலுக்குப் பின்னாடி நிக்குது. கொம்பு ரெண்டும் அளந்து வச்ச மாதிரி இருக்கு. அச்சு அசல் படம்."

வள்ளிக்கண்ணு பஸ் பிடித்துப் போனாள். சின்னவன் இல்லை.

இன்னொருவர் படமே அனுப்பினார்.

"இது பசுங்க" என்றேன்.

"நெறம் அதே நெறந்தானுங்களே?"

"மடி இருக்குங்களே."

"அது இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

சவூதியில் இருந்து ஒரு பையன் பேசினான். "அக்கா, இங்கிட்டு வரல. வந்தா சொல்றேன்." அவனைத் திட்டினேன். திட்டியதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இரண்டு நாள். ஆறு ஊருக்குப் போய் ஆறு மாட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் காலையில் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். வாய் வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலக்கா. எல்லாரும் நேர்கொம்பு மாடாவே காட்டுறாங்க."

"மாட்டுக்குக் கொம்பு நேராத்தான இருக்கும்?"

"எஞ் சின்னவனுக்கு எங்க நேரா இருக்கு? வலது கொம்பு கவுந்து கண்ணு மேலல்ல வந்து நிக்கும். கன்னுக்குட்டியா இருக்கையில கம்பிக் கேட்டுல மாட்டிக்கிட்டான். அப்பலேர்ந்து அப்புடியேதான் வளந்துச்சு." என்னைப் பார்த்தாள். "படத்துல தெரியுமே?"

கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேர், பென்ஷனுக்கு வந்த ஒரு பெரியவர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மட்டும்தான் தெரியும். படம் தெளிவாக இல்லை, வேறு மாதிரி போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். வார்த்தைகூட வாய்வரை வந்துவிட்டது.

தம்பி தங்கச்சிகளே, இந்த இடத்தில் இரண்டு சொல்லிவிடுகிறேன். வந்த படத்தின் மேல் சேவ் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு காப்பி வையுங்கள். அது தொழில். இரண்டாவது, தப்பு என்று தெரிந்ததும் யாருக்கு நஷ்டமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு இருந்தால் நல்ல நல்ல பொய்யாகத் தோன்றும்.

"படத்துல நேராத்தான் இருக்கு, வள்ளி" என்றேன். "வலது கொம்பு வைக்கோலோட போயிருச்சு. எடது கொம்பத் திருப்பி ஒட்டுனது நாந்தான். ரெண்டு நாளா தப்பான மாட்டத் தேட விட்டுட்டேன்."

மெஷின் நின்றது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாளை எடுக்கவில்லை.

வள்ளிக்கண்ணு டீ கிளாசைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எம்மாட்டுக்கு என்ன, பொண்ணு பாக்கப் போறோமாக்கா? எதுக்கு அதுக்கு அழகு?"

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன்.

"உக்காரு. எப்புடி இருக்கும்னு சொல்லு. வளைக்கிறேன்."

உட்கார்ந்தாள். ஒட்டின கொம்பை எடுத்து நுனியைக் கீழே இழுத்தேன்.

"இம்புட்டா?"

"இன்னுங் கீழ."

"இப்ப?"

"ஐயோ, கண்ணுக்குள்ள குத்துறீங்கக்கா. மேல தூக்குங்க."

தூக்கினேன்.

"இப்ப எரும மாதிரி இருக்கு."

"ஏம்மா, என் பென்ஷன் பேப்பரு?" என்றார் பெரியவர்.

"செத்த பொறுங்க, கொம்பு வளைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவரும் எழுந்து வந்து பின்னால் நின்றார். "அடியில பருமன் பத்தலம்மா. கவுந்த கொம்பு அடியில தடிச்சிருக்கும்" என்றார். அவரும் மாடு வளர்த்தவராம். அடியைத் தடிமனாக்கினேன். நுனியை உள்ளே திருப்பினேன். கொஞ்சம் வெளியே விட்டேன்.

வள்ளிக்கண்ணு திரைக்குக் கிட்டக் குனிந்தாள். கையை நீட்டி, திரையில் மாட்டின் நெற்றியில் ஒரு விரலை வைத்தாள். சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பெரிதாக்கிப் போட முடியவில்லை. நாற்பத்தெட்டு கேபிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. போனது போனதுதான். இருந்த அளவில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'முதலில் போட்ட படம் தவறு. கொம்பை நேராக்கியது கடைக்காரியாகிய நான். மாட்டின் வலது கொம்பு கவிழ்ந்திருக்கும்.'

குரூப்பில் விடுவார்களா? 'அக்கா, எங்க மாமனாருக்கு மூக்கு கோணல், நிமித்தித் தருவீங்களா' என்று ஒருத்தர். 'என் ஆதார்ல முடி வச்சுக் குடுங்க' என்று இன்னொருத்தர். படித்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

அரை மணி நேரத்தில் போன்.

"ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்ட்ல இருந்து பேசுறேங்க. அந்தக் கோணக்கொம்பு மாடு இங்கதான் நிக்குது. முந்தாநாளே வந்துருச்சு."

"முந்தாநாளா? மொதப் படம் ஒங்களுக்கு வரலீங்களா?"

"வந்துச்சுங்க. போனக் கையில வச்சுக்கிட்டுப் போயி ஒத்துப் பாத்தேன். கொம்பு சேரல. வேற யாரோட மாடோன்னு விட்டுட்டேன்."

போனை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தேன்.

கடையைப் பூட்டினேன். குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து இருவரும் போனோம். பெரியவரின் பென்ஷன் பேப்பரை மறுநாள் செய்து கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. மாடு கிடைத்ததா என்றுதான் கேட்டார்.

ஐஸ் பிளாண்ட் வாசலில் மீன் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காளை அதன் ஓரத்தில் காய்ந்திருந்த உப்பை நக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் ஐஸ் உருகின தண்ணீர், நிழல். சொகுசாகத்தான் இருந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

போன் பண்ணினவர் முன்னால் வந்தார். லுங்கி, கழுத்தில் துண்டு. கையில் போன். அதில் நான் வளைத்த படம்.

"இருங்கம்மா. சும்மா வர்றவங்ககிட்டயெல்லாம் குடுத்துர முடியாது. நாளைக்கு நெசமான ஆளு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது கொஞ்சம் கூடுதலா கவுந்திருக்கே?"

பத்திருபது பேர் கூடிவிட்டார்கள்.

"நெசத்துல அம்புட்டு இல்லண்ணே" என்றாள் வள்ளிக்கண்ணு. "இவங்க வரைஞ்சது."

"மொதல்ல நேராப் போட்டாங்க. இப்ப கூடப் போட்டுட்டாங்க. எத நம்புறது?"

"கூப்புட்டுப் பாக்கட்டும்ப்பா. மாடு வந்தா அவங்க மாடு" என்றார் ஒருத்தர்.

"சின்னவனே!" என்று கூப்பிட்டாள்.

காளை அடுத்த பெட்டிக்குப் போனது.

"டேய் சின்னவனே!"

நக்கிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். "ஒங்களத் தெரியாதுங்குதே" என்றார் லுங்கிக்காரர்.

வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று நாள் கோபம். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எடுபட்ட பயலே! ஒன்ன ஊரு ஊராத் தேடி என் காலு வீங்கிக் கெடக்கு, நீ இங்க உப்பு நக்கிக்கிட்டா நிக்கிற?"

நேராகப் போனாள். "யம்மா, கிட்டப் போவாதீங்க, ரெண்டு நாளா ஒருத்தரையும் அண்ட விடல!" என்று லுங்கிக்காரர் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. வலது கொம்பை, அந்தக் கவிழ்ந்த கொம்பை, அடியில் கையைக் கொடுத்துப் பிடித்தாள். பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

காளை நக்குவதை நிறுத்தியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. திட்டு வாங்குகிற பிள்ளை எப்படி நிற்குமோ அப்படி நின்றது. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டத் திட்ட அவள் குரல் உடைந்தது. காளை மூஞ்சியை அவள் வயிற்றில் வைத்துக்கொண்டது.

லுங்கிக்காரர் போனை மடியில் செருகிக்கொண்டார்.

"படமெல்லாம் வேணாம்மா. ஓட்டிக்கிட்டுப் போங்க."

வண்டியில் ஏற்றிக் கட்டின பிறகு வள்ளிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிட்ட வாங்கக்கா. நான் புடிச்சிருக்கேன், ஒண்ணுஞ் செய்ய மாட்டான். கொம்ப இப்ப நல்லாப் பாத்துக்கங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் வளைத்த அளவுக்கு இல்லைதான்.